உயிரோடு இருப்பவனுக்குத் திதி

4.2.2025
ஆஷ்பிரிட்ஜ், இங்கிலாந்து

மாறன் அப்பாவுக்கு,

கவிநிலா எழுதுவது. நானும் நம் பிள்ளை மாறனும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதில் இந்த முறை ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசிவரை படித்தால் புரியும்.

போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேச ஆரம்பித்தால் மழை வெயில் விசாரிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. "நீ எப்ப திரும்பி வர்ற?" என்று நீங்கள். "நீங்க எப்ப இங்க வர்றீங்க?" என்று நான். மாறன் போனைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறான். இந்த விஷயத்தை நீங்கள் குறுக்கே பேச முடியாதபடி சொல்லவேண்டும். அதனால்தான் தபால். பதிலும் தபாலிலேயே வரட்டும். போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.

நான் நர்ஸ் வேலை பார்க்கும் இந்த ஊர் ஒரு கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மாவட்ட வரலாறு எழுதுகிறேன் என்று நீங்கள் சோறு தண்ணி மறந்து அலைகிற மாதிரி இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்துகிற சின்ன அருங்காட்சியகத்தில் பழைய கலப்பை, பால் கேன், போரில் செத்தவர்கள் படம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் புதிதாக ஓர் அறை திறந்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கான அறை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து, அதைப் பற்றி மைக்கில் பேசவேண்டும். பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பேசியதைக் கேட்கப் பக்கத்தில் ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள். "இந்தப் பிள்ளைகளும் இனி நம் கவுண்டியின் வரலாறுதான்" என்று அதை நடத்தும் மார்கரெட் அம்மா சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மாறன் கொண்டுபோனது உங்கள் பச்சைக் கரைத் துண்டு. என் பெட்டியிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறான். சனிக்கிழமை திறப்பு விழா. டூட்டி முடிந்து யூனிபார்மோடு ஓடினேன். ஹெட்போனை மாட்டினேன். அவன் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இது என் அப்பாவின் துண்டு. அவர் இறந்துவிட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரை ஒரு காலத்தில் வல்லாளன் என்ற ராஜா ஆண்டார். அவரும் வேறு தேசத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் எங்கள் ஊர்ச் சாமியே அவருக்குப் பிள்ளையாகி, வருஷாவருஷம் ஆற்றுக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார். என் அப்பாவுக்குப் பிள்ளை நான் இருக்கிறேன். சாமி வரவேண்டியதில்லை. போன வருஷம் அதே நாளில் இங்கே ஆற்றங்கரையில் சோறும் எள்ளும் வைத்து நானே அப்பாவுக்குத் திதி கொடுத்தேன்."

படித்துவிட்டீர்களா? கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால் அறையில் எல்லாரும் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்கரெட் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். என் புருஷன் திருவண்ணாமலையில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று அங்கே எப்படிச் சொல்வது? மாறன் மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னது ஒன்றுதான். "தேங்க்யூ." அன்றிலிருந்து வாசலில் பூங்கொத்தும் கேக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. வார்டில் நான் நுழைந்தால் பேச்சுச் சத்தம் குறைகிறது.

இன்னொன்று இருக்கிறது. பிள்ளைகள் பேசியதை எல்லாம் கவுண்டி வரலாற்றுப் புத்தகத்தில் ஜூன் மாதம் அச்சடிக்கப் போகிறார்கள். திருத்தச் சொன்னால் மாறன் பள்ளிக்கூடம் முழுக்கப் பொய்யன். திருத்தாவிட்டால் இந்தக் கவுண்டியில் நீங்கள் செத்தது செத்ததுதான். அவனிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அடிக்கவும் கை வரவில்லை, அணைக்கவும் கை வரவில்லை. அவன் அப்பா என்ன சொல்கிறார் என்று முதலில் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமையிலிருந்து விதவை,
கவிநிலா


15.2.2025
திருவண்ணாமலை

அன்புள்ள கவிநிலா,

நான் உயிரோடு இருக்கிறேன். இன்று காலை தேரடித் தெருவில் இரண்டு டீ குடித்தேன். இரண்டாவதில் சர்க்கரை ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் சண்டையும் போட்டேன். செத்தவன் செய்கிற காரியமா இது?

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். முகம் போன போக்கைப் பார்த்துக் கணக்கு வாத்தியார் செழியன் பிடுங்கிப் படித்துவிட்டார். "சார், நீங்க போனதுக்கு ஒரு நாள் லீவு விடச் சொல்லுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போய் என்ன பாடம் எடுத்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

கீழ்பென்னாத்தூரில் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சந்திரம்மாள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உசிரோட இருக்கிறவனுக்கு எள்ளு எறச்சா ஆயுசு கம்மியாயிடும்டா, வளவா. மொதல்ல ஒரு ஹோமம் பண்ணு" என்று ஒரே பிடிவாதம். வரலாற்று ஆசிரியன் ஹோமம் செய்ய மாட்டேன் என்றேன். அப்படியானால் நெய் ஊற்றிச் சாப்பிடு என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஆயுள் அதிலேயே குறையும்போல் இருந்தது.

உன் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்புதான் தைப்பூசம். ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பும்போது, வல்லாள ராஜா போரில் மாண்டார் என்ற சேதியைச் சொல்லி மேளத்தை நிறுத்துவார்களே, அந்தக் கூட்டத்தில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என் சாவுச் சேதி தபாலில் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வல்லாளன் வெளியிலிருந்து வந்தவர் என்று பையன் சொன்னது சரி. ஹொய்சள ராஜா, கன்னட தேசத்துக்காரர். ஆனால் சாமி திதி கொடுப்பது கோயில் வழக்கம், புராணக் கதை. அதையும் வரலாற்றையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அடுத்தது, என் மரணம். அதற்கு ஆதாரம் என்ன? ஒரு துண்டு ஆதாரமா? ஒரு கவுண்டி புத்தகம் போடுகிறது என்றால் இரண்டு பேரையாவது விசாரிக்க வேண்டாமா? நாளைக்கு எவனாவது அதை மேற்கோள் காட்டுவான். அச்சில் ஏறிய பொய்யை இறக்க எனக்குத் தெரிந்து யாராலும் முடிந்ததில்லை.

ஆகவே இத்துடன் அந்த மார்கரெட் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறேன், என் மகன் சிறுவன், உணர்ச்சிவசப்பட்டுவிட்டான், அந்தப் பதிவை நீக்கவும் என்று. கொண்டுபோய்க் கொடு. பையனைத் திட்டாதே. பிள்ளையை அப்பன் முகம் தெரியாத தேசத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும். நீ கேட்கவில்லை.

எள் அங்கே எங்கே கிடைத்தது? அந்தத் துண்டைத் துவைத்துவிட்டாவது வைத்தார்களா?

இன்னமும் உயிரோடு,
வளவன்


28.2.2025
ஆஷ்பிரிட்ஜ்

மாறன் அப்பாவுக்கு,

உங்கள் ஆங்கிலக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. என் கைப்பையில்தான் இருக்கிறது. நல்ல ஆங்கிலம். அதில் மாறன் என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. உங்கள் படிப்பும் பதவியும் இரண்டு பாராவுக்கு வருகிறது.

இழுத்துக்கொண்டு போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்போர்ட்டில் அவனைத் தூக்கி, "ஆறு மாசத்துல அப்பா வந்துடுவேன்டா" என்று சொன்னது யார்? நான் விசாவுக்கு எல்லாம் தயார் செய்து அனுப்பினேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் டிபெண்டன்ட், அதாவது மனைவியைச் சார்ந்தவர் என்று அடித்திருந்ததைப் பார்த்ததும் உங்களுக்குப் புத்தகம் முடியவில்லை. அடுத்த லீவுக்கும் முடியவில்லை. நம் மாவட்டத்தைப் பிரித்த வருஷம்தான் நானும் பிறந்தேன். அதற்காக நீங்கள் படுகிற பாட்டில் பாதி எனக்காகப் பட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எங்கிருந்தெல்லாமோ அந்த மாவட்டத்துக்கு வந்தவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். அங்கிருந்து போன இரண்டு பேர் உங்கள் வீட்டிலேயே இருந்தோம்.

சரி. கோபம் தீர்ந்தது. மாறனைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனையே அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆறு. அவனும் ஆந்த்ரியும் போயிருக்கிறார்கள். ஆந்த்ரி உக்ரைன் பையன், இவன் வகுப்பு. அவன் அப்பா போருக்குப் போனவர், திரும்பவே இல்லை. எள் துருக்கிக்காரர் கடையில் ரொட்டிக்குத் தூவ வைத்திருப்பது. கருப்பு எள்தான் என்று கேட்டு வாங்கியிருக்கிறான். தர்ப்பைக்கு ஆற்றோரப் புல்லைக் கிள்ளி விரலில் சுற்றிக்கொண்டானாம். முந்தின இரவுச் சோற்றை உருட்டி வைத்தானாம். ஏழு வயதில் உங்கள் பைக்கில் முன்னால் உட்கார்ந்து பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்ச் சாமி திதி கொடுப்பதைப் பார்த்தது, ஒன்றையும் மறக்கவில்லை.

"காக்காவே வரலைம்மா. வாத்து வந்து சாப்டுச்சு. வாத்து சாப்டா செல்லுமா?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டே சொன்னான். "உயிரோட இருக்கிற அப்பா வரலைன்னா எல்லாரும் ஏன் வரலை, ஏன் வரலைன்னு கேப்பாங்க. செத்துப்போன அப்பா வரலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா."

வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். உன் அப்பா எங்கே? வந்துகொண்டிருக்கிறார். அடுத்த விளையாட்டு விழாவில் கேட்டார்கள், அதே பதில். அதற்கடுத்த வருஷம் ஒரு பையன் இவன் சொல்வதற்கு முன்பே "வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லிக் காட்டிச் சிரித்தானாம். அன்றைக்குத்தான் நீங்கள் இறந்திருக்கிறீர்கள்.

நான் அழவில்லை. எனக்கு இப்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைக் கொடுத்தால் அவன் பொய்யன். நீங்களே நேரில் வந்து நின்றாலும் பொய்யன்தான். ஆனால் அப்பா உள்ள பொய்யன். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியாமல் போகாது. இன்னொரு முறை "வருகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வார்த்தையை இந்த வீட்டில் படித்துக் காட்ட எனக்கு வாய் வராது.

துண்டைத் துவைக்கவில்லை. துவைக்கவேண்டாம் என்று அவன்தான் சொன்னானாம். அதில் உங்கள் வாசனை இருக்கிறதாம்.

கவிநிலா


14.3.2025
திருவண்ணாமலை

அன்புள்ள கவிநிலா,

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் மாசி மகம். பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போனேன்.

வருஷாவருஷம் போகிறேன். குறிப்பு நோட்டு, கேமரா, யார் முன்னால் வருகிறார்கள், எந்த ஊர்க்காரர்களுக்கு என்ன மரியாதை, எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். இந்த வருஷம் நோட்டை எடுக்கவே இல்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், மோர், பிள்ளைகள் தோளில். அண்ணாமலையார் மகனாக வந்து ஆற்றங்கரையில் நின்றார். ராஜாவுக்குத் திதி நடந்தது. அதுவரை சாமியைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த முறை ராஜாவின் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். பிள்ளை இல்லாதவருக்கு ஒரு பிள்ளை வந்து நிற்கிறான். எனக்கோ பிள்ளை இருக்கிறான். நின்றான். நான்தான் பார்க்கவில்லை.

கரையில் சிலர் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா நிற்பதைப் பார்த்துப் பூ விற்ற அம்மா கேட்டாள். "நீங்க யாருக்குங்க குடுக்குறீங்க?"

"எனக்குங்க."

அவள் சிரித்துவிட்டாள். "ஐயே, உங்களுக்கு உங்க புள்ளதாங்க குடுக்கணும்."

"குடுத்துட்டான்" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, ஒரு முழம் பூவைக் கையில் திணித்துக் காசு வாங்காமல் போய்விட்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், கவிநிலா. சுற்றிலும் அத்தனை பேர் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

நான் முடிவு செய்துவிட்டேன். அந்த ஆங்கிலக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அறையில் இருப்பது அப்படியே இருக்கட்டும். புத்தகத்திலும் அப்படியே அச்சாகட்டும். ஆதாரமில்லாத ஒரு வரியை நான் இதுவரை எழுதியதும் இல்லை, யாரும் எழுத விட்டதும் இல்லை. உனக்குத் தெரியும், ஒரு வருஷக் கணக்குக்காக எத்தனை பேரோடு முறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று. இந்த ஒரு பொய்யை என் பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கிறேன். அந்தக் கவுண்டியில் நான் இறந்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நான் வந்து நின்று, ஊர் முன்னால் அவன் தலை குனிய வேண்டாம். அவனைப் பொய்யன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவனிடம் சொல், அப்பாவுக்குக் கோபமே இல்லை என்று. புல் மோதிரம் கட்டியதற்கு ரொம்பப் பெருமை என்று.

வாத்து சாப்பிட்டால் தாராளமாகச் செல்லும். ஆற்றில் இருக்கிற எந்த உயிர் சாப்பிட்டாலும் செல்லும் என்று நானே சொல்கிறேன். வாங்கிக்கொண்டவன் சொன்னால் அப்பீல் இல்லை.

அன்புடன்,
வளவன்


31.3.2025
ஆஷ்பிரிட்ஜ்

மாறன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாறனுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்க. நீங்கள் அழுத இடத்தைத் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன், தாண்டவில்லை. வாத்து வந்த இடத்தில் அவன் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து அவன் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். அதற்கு உங்களுக்கு நன்றி.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான். "அப்ப அவர் வரமாட்டாரா?"

உங்களுக்கும் எனக்கும் புரிவதற்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம்தான். உங்களோடு குடித்தனம் செய்தவள், ஒரு வருஷக் கணக்குக்காக நீங்கள் எப்படிச் சண்டை பிடிப்பீர்கள் என்று பார்த்தவள் சொல்கிறேன், அது லேசில்லை. ஆனால் வராமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் உங்களுக்கு இனிமேல் கிடைக்காது. செத்தவரை யாரும் விமானம் ஏறச் சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருந்தபோது புத்தகம் தடுத்தது. இப்போது தியாகம் தடுக்கிறது. நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று சொல்லவில்லை. எழுதும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் வீட்டுக்கு வரவில்லை. முதலில் ஆந்த்ரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், என் அப்பா சாகவில்லை என்று. ஆந்த்ரி எழுந்து போய்விட்டான். தன் அப்பாவுக்காக நிஜமாக அழுகிற பையன், இவனோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து இவன் அப்பாவுக்கும் சேர்த்து அழுதிருக்கிறான். ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை. இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறான், அதுவும் பந்து கேட்கமட்டும்.

அங்கிருந்து நேராக அருங்காட்சியகம். மார்கரெட் அம்மாவிடம், நான் மறுபடி பேசவேண்டும், மைக் போடுங்கள் என்றிருக்கிறான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது பேசி முடித்துவிட்டான். ஹெட்போனில் இப்போது இதுதான் இருக்கிறது.

"இது என் அப்பாவின் துண்டு. அவர் உயிரோடு இருக்கிறார். ஆறு மாதத்தில் வருவேன் என்றார், வரவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இறந்துவிட்டார் என்று பொய் சொன்னேன். அவரிடம் எங்கள் அம்மா சொன்னதும், பொய்யாகவே இருக்கட்டும் என்று எனக்கு விட்டுக்கொடுத்தார். எனக்கு அது வேண்டாம்."

மார்கரெட் அம்மா பழைய பதிவை அழிக்கட்டுமா என்று கேட்டார். அழியுங்கள் என்றான். புத்தகத்திலும் இதுவே வரும். கையெழுத்துப் போட என்னைக் கேட்டார்கள். போட்டேன். அவன் அங்கே நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மைக்குக்கு எட்டுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்களாம், அதில் ஏற மாட்டேன் என்று எக்கி நின்றே பேசினானாம்.

பள்ளிக்கூடத்தில் பொய்யன் என்றார்கள். ஆமாம் என்றான். அத்தோடு விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த பூங்கொத்துகள் நின்றுபோயின. ஒரு அம்மா கேக் தட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

நான் உங்களை இனி அழைக்கப் போவதில்லை. திரும்பி வரவும் போவதில்லை. எங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, இப்போது மறைப்பதற்கு எதுவும் இல்லை. நிம்மதியாக இருக்கிறோம். இந்தக் கவுண்டியில் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று உங்கள் மகன் ஊரறியச் சொல்லிவிட்டான். இனி அதற்குத் தகுந்த மாதிரி நடப்பது உங்கள் பாடு.

கவிநிலா


18.5.2025

கவிநிலா,

இந்தக் கடிதத்தின் தலைப்பில் ஊர் போடவில்லை. எந்த ஊருக்கு மேலே பறக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஸீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். முன்ஸீட்டின் முதுகில் இருக்கிற பலகையை இறக்கி வைத்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே துறையில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தேன். சென்னைக்குப் போய் விரல் ரேகை கொடுத்தேன். விசா ஆறு மாதத்துக்கு. அதற்குப் பிறகு என்ன என்பதை மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசலாம், வேண்டுமானால் சண்டை போடலாம். எழுதிய அத்தியாயங்களைச் செழியனிடம் கொடுத்துவிட்டேன். "மாவட்டம் எங்கயும் ஓடிப்போயிடாது சார், போயிட்டு வாங்க" என்றார். அக்கா ஒரு பை மல்லாட்டையை வறுத்துக் கொடுத்திருக்கிறாள். வழியில் கடலை உரித்துத் தின்ன ஆரம்பித்து, பாதி தீர்ந்துவிட்டது.

இது தபாலில் வராது. வருகிறேன் என்று எழுதினால் அது அந்த வீட்டில் யாருக்கும் காதில் ஏறாது என்று தெரியும். அதனால் அப்படி எழுதவில்லை. நீ இதைப் படிக்கிறாய் என்றால், உன் வாசலில் நின்று இதை நானே கையில் கொடுத்திருக்கிறேன்.

கதவை மாறன் திறந்தால் அவனிடம் கொடுப்பேன். தமிழ் வாசிக்க வரவில்லை என்றால் வாசலிலேயே நின்று படித்துக் காட்டுவேன். உள்ளே விடுவதா என்பதை அவன் சொல்லட்டும். யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். யாராவது தெருவில் போகிறவர்கள் நீ யார் என்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். நான் அங்கேயேதான் நிற்பேன்.

வளவன்